பிளீக்லோ மலை ஏறினவங்க யாராவது இருக்கீங்களா?

போடி ஏலக்கா: அக்கா மான்செஸ்டர்ல இருக்கு, அக்டோபர்ல போறேன். பக்கத்துல பிளீக்லோன்னு மலை, 633 மீட்டர்தானாம், நம்ம போடிமெட்டுல பாதி கூட இல்ல. குரங்கணில இருந்து டாப் ஸ்டேஷன் ஏறினவனுக்கு இது ஜுஜுபிதானே?

கம்பத்துக்காரன்: தம்பி உயரத்த பாத்து ஏமாறாத. நான் போனப்ப முழங்கால் வர உள்ள போயிருச்சு, ஷூவ கையால தோண்டி எடுத்தேன். மேல பூரா பீட்டுனு கறுப்பு மண்ணு, செடி பாசி மக்காமயே ஆயிரக்கணக்கான வருஷமா சேந்தது, ஸ்பாஞ்சு மாதிரி தண்ணி குடிச்சு நிக்கும். பளிச்சுனு பச்சையா பாசி தெரிஞ்சா கால வைக்காத, அதுதான் சொதசொதன்னு இருக்கும். பென்னைன் வே பாதைல சில இடத்துல கல்லு பாவிருக்கு, பழைய பஞ்சு மில்லுங்கள இடிச்சப்ப எடுத்த தரைக்கல்லாம் அது, அத விட்டு இறங்காத. ஒரு ஈ காக்கா கிடையாது, வழி கேக்கவும் ஆள் இல்ல.

குமுளி அக்கா: அட்டை இருக்காதுப்பா, ஆனா உண்ணி ஏறும், பேன்ட்ட சாக்ஸுக்குள்ள சொருகிக்க. மஞ்சு இறங்குனா மேல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும், பேப்பர் மேப்பும் காம்பஸும் வேணும். 1948ல அமெரிக்க பி-29 விமானமே மேகத்துக்குள்ள அங்க மோதி 13 பேரும் செத்தாங்க, உடைஞ்ச துண்டு இன்னும் கெடக்கு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்த பின்னாடி வச்சிருவாங்க, அப்புறம் அஞ்சு மணிக்கே இருட்டு.

போடி ஏலக்கா: சரிக்கா, அப்ப முத வாரமே போயிர்றேன். ரப்பர் பூட்ஸ் போதுமா?

கம்பத்துக்காரன்: அது உருவிக்கும்டா, கயிறு கட்டுற பூட்ஸ் வாங்கு.