சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு கழுத்து பெல்ட்டா, ஹார்னஸா?

புதுநடை:
5 மாதப் பெண் குட்டி, எடை 10 கிலோ. காதுக்குப் பின்னால் கழுத்துச் சுற்று 28 செ.மீ., தலையின் அகலமான இடத்தில் 29, மார்புச் சுற்று 52. தெருவில் இழுக்காமல் நடக்கப் பழக்க வேண்டும். கடையில் சாதாரண நைலான் பெல்ட் போதும் என்கிறார்கள். கால்நடை மருத்துவர் ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

கரிசல்மண்:
பெல்ட் வாங்குங்கள், ஆனால் கடையில் காட்டியது வேண்டாம். நீங்கள் கொடுத்த அளவிலேயே காரணம் இருக்கிறது. கழுத்து 28, தலை 29. இரண்டு விரல் நுழைகிற தளர்வில் மாட்டினால் பெல்ட்டின் சுற்று 31, 32 ஆகிவிடும். நாய் பயந்து பின்வாங்கித் தலையைத் தாழ்த்தினால் பெல்ட் உங்கள் கையில் இருக்கும், நாய் சாலையில் இருக்கும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லித்தலை வேட்டை நாய்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு. லாப்ரடாருக்குச் சரியாக இருப்பது இங்கே சரிவராது.

மார்டிங்கேல் பெல்ட் என்று கேளுங்கள். கழுத்தைச் சுற்றும் பெரிய பட்டையின் இரண்டு முனையிலும் உலோக வளையம் இருக்கும். அவற்றுக்குள் ஓடுகிற சின்னப் பட்டையில்தான் லீஷ் (நாம் கையில் பிடிக்கிற வார்) மாட்டுவது. லீஷ் இழுபட்டால் இரண்டு முனையும் நெருங்கும், வைத்த அளவோடு நின்றுவிடும். சுருக்குச் சங்கிலி மாதிரி நெரித்துக்கொண்டே போகாது. முழுதாக இறுகும்போது சுற்று 28 இருக்கட்டும். அப்போதும் இரண்டு வளையத்துக்கும் நடுவே 4 செ.மீ. இடைவெளி வேண்டும். வளையங்கள் முட்டிக்கொண்டால் பெல்ட் பெரிது, கழன்றுவிடும். அகலம் 25 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

நெய்தல்:
கழன்று போகிற சிக்கலைச் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் கழுத்தை மறந்துவிட்டீர்கள். அகலமோ மெத்தையோ பெல்ட்டைக் காப்பாற்றாது. 2020இல் வெட்டரினரி ரெக்கார்ட் இதழில் வந்த ஆய்வில், மாதிரிக் கழுத்து ஒன்றில் பலவகை பெல்ட்டுகளை மாட்டி இழுத்து அழுத்தத்தை அளந்தார்கள். மெத்தை வைத்தது உட்பட எதுவும் பாதுகாப்பான அளவுக்குள் நிற்கவில்லை. 2006இல் வந்த இன்னொரு ஆய்வில், பெல்ட்டில் இழுத்தபோது நாய்களின் கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது, ஹார்னஸில் ஏறவில்லை.

இந்த இனத்தை எண்ணிப் பாருங்கள். பூனையோ அணிலோ கண்ணில் பட்டால் நாலு எட்டில் முழு வேகம் பிடிக்கிற உடல். 6 அடி லீஷின் முடிவில் அந்த வேகம் மொத்தமும் மூச்சுக்குழலில் வந்து விழும். ஹார்னஸில் அது நெஞ்செலும்பிலும் விலாவிலும் பரவும். ஒய் வடிவம் (முன்பட்டைகள் நெஞ்சில் 'Y' மாதிரி சேர்வது), முன்நெஞ்சில் ஒரு வளையம், முதுகில் ஒரு வளையம் உள்ளதை வாங்குங்கள்.

கரிசல்மண்:
அந்த ஆய்வுகள் அளந்தது இழுவையை. லீஷ் தளர்ந்து தொங்கினால் கழுத்தில் எந்த அழுத்தமும் இல்லை, அதற்காகத்தானே பழக்குகிறோம்? ஆய்வு என்றால் இதையும் சேருங்கள்: அதே இதழில் 2019இல் வந்த ஆய்வில் ஹார்னஸ் மாட்டிய நாய்களின் தோள் விரிவு (முன்னங்காலை எட்டி வைக்கும்போது தோள் நீளும் அளவு) குறைந்தது. தோளுக்கு இதமானது என்று விற்கிற ஒய் வடிவத்தில், நெஞ்சின் குறுக்கே பட்டை ஓடுகிற வகையைவிடக் கூடுதலாகக் குறைந்தது.

முதுகு வளையம் பழக்கும் காலத்துக்கு ஆகவே ஆகாது. வண்டி மாட்டுக்கு ஏன் நுகத்தடி? பாரம் அகலமாக உட்கார்ந்தால் மாடு வலியில்லாமல் இழுக்கும். பனிவண்டி நாய்களுக்கு ஹார்னஸ் மாட்டுவதும் அதற்காகத்தான்.

இந்த உடல்வாகில் ஹார்னஸும் கழலும். மார்பு ஆழம், இடுப்பு ஒட்டல். நாய் பின்வாங்கி முன்னங்காலை மடக்கினால் முழு ஹார்னஸும் தலைவழியே வந்துவிடும்.

நெய்தல்:
முதுகு வளையம் பற்றி உங்களோடு உடன்படுகிறேன், பழக்கும்போது முன்வளையம்தான். நாய் முன்னே பாய்ந்தால் அது உடலைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், பாய்ச்சல் முறியும். பின்வாங்கிக் கழல்வதற்கு மூன்று பட்டை ஹார்னஸ் இருக்கிறது. மூன்றாவது பட்டை விலா முடிந்து இடுப்பு ஒடுங்குகிற இடத்தில் நிற்கும். மார்பின் அகலம் அதைத் தாண்டி வராது.

தளர்ந்த லீஷில் அழுத்தம் இல்லை என்பது சரி. ஆனால் பழகாத குட்டி முதல் மூன்று நான்கு மாதம் இழுக்கத்தான் செய்யும். அத்தனை நாளும் கழுத்துதான் தாங்க வேண்டுமா? பொமரேனியன், பக், ஷிட்சு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, பெல்ட்டில் லீஷ் மாட்டவே கூடாது.

திண்ணை:
பெல்ட்டோ ஹார்னஸோ நாயைப் பிடித்து வைக்கும், நடக்கப் பழக்காது. அதை நாம்தான் செய்ய வேண்டும். இருவரும் அதைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் வீட்டுக்குள் மாட்டிக் கழற்றுவது மட்டும். ஹார்னஸ் என்றால் தலைவளையத்துக்கு அந்தப் பக்கம் தீனியை நீட்டுங்கள், நாயே தலையை விடட்டும். நாம் திணித்தால் ஒரு வாரத்தில் ஹார்னஸைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும்.

அடுத்து கூடத்தில் 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவில் 20 துண்டு. அந்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். லீஷ் 'ப' மாதிரி தொங்க வேண்டும். ஓர் அடி நடந்து ஒரு துண்டு. பிறகு மூன்று அடிக்கு, ஐந்து அடிக்கு, பத்து அடிக்கு. துண்டை உங்கள் கால்சட்டைத் தையலை ஒட்டிக் கொடுங்கள். முன்னால் நீட்டினால் நாய் குறுக்கே வந்து காலைத் தடுக்கும். பத்து அடி தவறாமல் வந்தபின் வாசல், அப்புறம் ஆளில்லாத தெரு.

லீஷ் விறைத்ததும் நின்றுவிடுங்கள். தளர்ந்ததும் நடங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நாய் இழுத்து, நாம் நின்று, அது திரும்பி வந்ததும் உடனே தீனி கொடுத்தால், "இழு, திரும்பு, தின்" என்று மூன்றையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். திரும்பி வந்தபின் இரண்டு மூன்று அடி கூடவே நடந்தால்தான் துண்டு. இன்னொன்று: அவசரத்தில் ஐந்து தடவையில் ஒரு தடவை இழுத்த பக்கமே போய்விட்டால், எப்போதாவது பலன் கிடைக்கும் என்று நாய் இன்னும் விடாப்பிடியாக இழுக்கும். அவசர வேலைக்கு நடக்கிற நாளில் முதுகு வளையத்தில் மாட்டுங்கள், பயிற்சிக்கு முன்வளையம். இரண்டு உணர்வையும் நாய் பிரித்து அறியும்.

இழுத்தால் சுருளும் லீஷ் வேண்டாம், அதில் எப்போதும் ஓர் இழுவை இருக்கும். இரும்புச் சங்கிலியும் வேண்டாம், அதன் கனத்தில் லீஷ் தளர்ந்ததா விறைத்ததா என்பதே கைக்குத் தெரியாது.

கரிசல்மண்:
திண்ணை சொன்ன முறை முழுக்கச் சரி. முன்வளையத்தில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. பக்கத்திலிருந்து இழுபடும்போது மார்புப்பட்டை அக்குளுக்கு நகர்ந்து தேய்க்கும். சிப்பிப்பாறைக்கு மயிர் குட்டை, தோல் மெல்லிது. ஒரே வாரத்தில் அக்குள் சிவந்து மயிர் கொட்டும்.

நெய்தல்:
பட்டை அக்குளுக்கு மிக அருகில் உட்கார்ந்தால் தேய்க்கும். முழங்கைக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளி விடுங்கள். முன்பட்டை நெஞ்செலும்பின் மேல் நிற்கட்டும், தொண்டைக்கு ஏறக்கூடாது. ஒவ்வொரு பட்டைக்கடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். கடலோர ஊர்களில் தடித்த மெத்தை வைத்தது வேண்டாம். புழுக்கத்தில் ஈரம் காயாது, தோலில் புண் வரும். நடந்து வந்ததும் கழற்றி அக்குளையும் கழுத்தையும் தடவிப் பாருங்கள், உண்ணி ஒளிவதும் அங்கேதான். 5 மாதக் குட்டி வளர்கிற வேகத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். ஆகவே குறைந்தது நான்கு இடத்தில் அளவைச் சரிசெய்ய முடிவதாக வாங்குங்கள்.

புதுநடை:
தீபாவளி வெடிச்சத்தம், தெருநாய்கள் குரைத்து வருவது, இதற்கெல்லாம் எது?

கரிசல்மண்:
அதற்கு இரண்டும். நெய்தலோடு இதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டு முனையிலும் கொக்கி உள்ள லீஷில் ஒரு கொக்கி மார்டிங்கேலில், ஒரு கொக்கி ஹார்னஸின் முதுகு வளையத்தில். ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பெல்ட் பக்கம் எப்போதும் தளர்வாக இருக்கட்டும். பத்து மீட்டர் நீளக்கயிறு போட்டுத் திடலில் விடுவதென்றால் ஹார்னஸ் மட்டும்தான், கழுத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். வீட்டுக்குள் மார்டிங்கேலைக் கழற்றிவிடுங்கள். அந்தச் சின்னப் பட்டை கதவுத் தாழ்ப்பாளிலோ இன்னொரு நாயின் பல்லிலோ மாட்டினால் இறுகி நிற்கும். பெயரும் போன் எண்ணும் பொறித்த தகடு, வீட்டில் போடுகிற மெல்லிய சாதாரண பெல்ட்டில் இருக்கட்டும்.

நெய்தல்:
அப்படியானால் பழகுகிற மாதங்களில் தினசரி நடைக்கும் ஹார்னஸில் மாட்டி, மார்டிங்கேலைத் துணைக்கு மட்டும் வையுங்கள் என்கிறேன். கரிசல்மண் இதைத் தலைகீழாகச் சொல்வார். லீஷ் விறைக்காமல் ஒரு தெரு முழுக்க நடக்கிற நாள் வரும்போது கழுத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குமுன் வேண்டாம்.

கரிசல்மண்:
ஆமாம், நான் தலைகீழாகத்தான் சொல்வேன். தலை 29 என்று அளந்த அதே டேப்பில் இடுப்பையும் அளந்து எழுதுங்கள் புதுநடை. மார்புக்கும் இடுப்புக்கும் 10 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், நெய்தல் சொன்ன மூன்று பட்டை ஹார்னஸ் தவிர வேறு எந்த ஹார்னஸையும் இந்தக் குட்டிக்கு வாங்காதீர்கள்.