மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையை எங்கே பார்க்கலாம்?

வணக்கம். மேலூர்ப் பக்கம் பிறந்த என் அப்பத்தாவுக்கு 80 வயது. போன மாதம் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். 2023இல் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுப் பாணி. சுடுமண் தக்களிகளின் முன் நின்றவர் நகரவேயில்லை. விரல்களைச் சுழற்றி நூற்றுக் காட்டினார். வெளியே வந்ததும், "இதெல்லாம் சரி, கமலை எங்கேடா?" என்றார். மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் என்ற பெரிய வாளி மேலேறி, தோல் வால் வழியாகக் கிணற்று நீர் கொட்டுவதைக் கொள்ளுப் பேரன்களுக்கு விளக்க வேண்டுமாம்.

மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கம் கமலை, தானியம் சேமிக்கும் குலுக்கை, அளக்கும் மரக்கால், அரைக்கும் திரிகை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இடம் எது? வாசலில் வண்டிச் சக்கரம் சாத்திய உணவகங்களைச் சொல்லாதீர்கள், பார்த்தாயிற்று! அவருக்கு முழங்கால் வலி. படிக்கட்டு குறைவாக இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதையும் சொல்லுங்கள்.