மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள்: பள்ளிக்குப் போகும் பயிற்றுநர் என்ன செய்வது?

கேள்வி: புதுப்பயிற்றுநர்

வட்டார வளமையத்தில் (வட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் அரசு மையம்) ஆசிரியர் பயிற்றுநராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் போக முடிகிறது. ஒரு வகுப்பில் அதிகபட்சம் 40 நிமிடம்.

3ஆம் வகுப்பில் 22 பிள்ளைகள். 9 பேர் 'அரும்பு' என்ற தொடக்க நிலையில் இருப்பதாகப் பதிவு. தனி எழுத்தைக் காட்டினால் சொல்கிறார்கள், சொல்லாகச் சேர்த்துப் படிக்க வரவில்லை. பாடநூலைத் திறந்தால் மட்டும் சிலர் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். வகுப்பாசிரியர் உழைப்பாளி. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் பதிவேடுகளை எடுத்து மேசையில் அடுக்கிவிடுகிறார். செயலியில் வகுப்பறை நோக்கீட்டை (வகுப்பைப் பார்த்துப் பதியும் படிவம்) நிரப்பிவிட்டு, 'இன்னும் பயிற்சி கொடுங்க' என்று சொல்லிவிட்டு வந்தால் எதுவும் மாறப்போவதில்லை.

1. சேர்த்துப் படிக்க வராததற்குக் காரணம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
2. அதை ஆசிரியர் சங்கடப்படாதபடி எப்படிப் பேசுவது?

---

பதில் 1: கரும்பலகை

9 பேருக்கும் ஒரே மருந்து கிடையாது. 'அரும்பு' என்பது பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும், எந்த இடத்தில் சிக்குகிறது என்று சொல்லாது. முதல் நாளில் 3 பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு 5 நிமிடம். ஓர் அட்டையில் நான்கு பகுதி எழுதிக்கொள்ளுங்கள்.

அ) கலைத்துப் போட்ட 12 அகர எழுத்துகள்: ம, த, ர, ல, ப, ன, வ, க, ட, ந, ச, ழ. வரிசை மாறியதுமே சில பிள்ளைகளின் உதடு முணுமுணுக்கத் தொடங்கும். 'க, ங, ச, ஞ' என்று முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அந்த எழுத்தில் நிற்பார்கள். விடை சரியாக இருந்தாலும் அதைத் தெரிந்ததாக எண்ணாதீர்கள். 2 நொடிக்குள் சொன்னால்தான் தெரிந்த எழுத்து.

ஆ) 12 உயிர்மெய்: மா, பி, தீ, ரு, லூ, பெ, மே, தை, தொ, போ, சு, நூ. ககர வரிசையை வைக்காதீர்கள், அது எல்லாருக்கும் பாட்டாகவே மனப்பாடம்.

இ) 10 சொற்கள்: படம், பல், கால், மீன், பூனை, தம்பி, கொக்கு, வேர், பட்டம், மழை.

ஈ) பொருளே இல்லாத 4 சொற்கள்: கோமிடு, தேபலம், பூரிட்டு, நெகாம். 'இதெல்லாம் நாய்க்குட்டிக்கு வைக்கிற பேரு' என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொற்களைச் சரியாகப் படித்துவிட்டு இதில் தடுமாறும் பிள்ளை, சொல்லைப் படமாக நினைவில் வைத்திருக்கிறது, எழுத்தைப் படிக்கவில்லை. பாடநூலைக் கடகடவென்று ஒப்பிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பிடிபடுவார்கள்.

தவறைச் சிவப்பு மையில் சுழிக்க வேண்டாம். பிள்ளை வாயில் வந்ததை அப்படியே எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் மூலதனம். அதில் அடிக்கடி வருபவை இவை:

'பட்டம்' என்பதை 'ப... இட்... ட... இம்' என்று கூட்டுவது. இது நம் பழைய கற்பித்தலின் கோளாறு. மெய்யெழுத்தை இக், இங், இச் என்று பெயரிட்டுச் சொல்லிக்கொடுத்ததால் ஒவ்வொரு மெய்க்கு முன்னும் ஓர் 'இ' ஒட்டிக்கொள்கிறது. 'பஇட்டஇம்' என்று எத்தனை தடவை வேகமாகச் சொன்னாலும் பட்டம் ஆகாது. பிள்ளையிடம் குறை இல்லை. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகச் சொல்ல விடாமல் முன்னெழுத்தோடு ஒட்டிச் சொல்ல வையுங்கள்: பட்–டம், தம்–பி, கொக்–கு. புள்ளிக்குப் பின்னால் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொடுத்தால் போதும். சில நாள் கழித்துக் கோட்டை எடுத்துவிடலாம்.

'கால்' என்பதைக் 'கரல்' என்று படிப்பது. துணைக்காலும் ரகரமும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல. மரம்–மாரம், பாடம்–பரடம் என்று இணை இணையாகக் காட்டிப் பிரிக்க வேண்டும்.

'தொ' என்பதைத் 'தெ' என்றோ 'தெ... தா' என்றோ படிப்பது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக மட்டும் கண்ணை ஓட்டப் பழகிய பிள்ளைக்கு இது நியாயமான குழப்பம். எழுத்தின் இரு பக்கத்தையும் இரண்டு விரலால் அணைத்துப் பார்த்த பிறகு வாய் திறக்கச் சொல்லுங்கள்.

உகர ஊகாரம் பெரிய தலைவலி. ஆ, இ, ஈ வரிசைகளில் குறி பெரும்பாலும் ஒன்றுதான். உகரத்தில் மூன்று கூட்டம்: கீழே கோடு இறங்கும் சு, பு, யு, வு, சுற்றி வளையும் கு, டு, மு, ரு, ழு, ளு, வலப்பக்கம் மேலெழும் து, நு, ணு, லு, று, னு. கூட்டம் கூட்டமாகத்தான் கற்பிக்க வேண்டும். மூன்றாவது கூட்டத்தின் நெடில் எளிது: து-வோடு கால் சேர்த்தால் தூ, நு-வோடு சேர்த்தால் நூ. கூ, சூ இரண்டும் எதிலும் அடங்காது, தனியாகப் பழக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. 'பழம்' என்பதைப் 'பளம்' என்றால் அதைப் படிப்புத் தவறாகக் குறிக்காதீர்கள். அது ஊர்ப் பேச்சு. 'வருகிறது' என்று அச்சில் இருப்பதை 'வருது' என்று படித்தாலும் அப்படியே. எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, வீட்டு மொழியில் சொல்லியிருக்கிறது பிள்ளை. அதைத் தனிப் பத்தியில் எழுதிவையுங்கள், மொத்தத்தில் கழிக்க வேண்டாம். லகர ளகர ழகரச் சண்டையை எழுதும் பாடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

---

பதில் 2: ஈராசிரியர்_பள்ளி

கரும்பலகை சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் 1, 2, 3 மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு 5 நிமிடம் உட்காரவே முடியாது. நான்காவது நிமிடத்தில் ஒருத்தன் சிலேட்டால் இன்னொருத்தனை அடித்திருப்பான்.

ஆகவே பயிற்றுநர் செய்யக்கூடிய முதல் உதவி, மற்றப் பிள்ளைகளை 20 நிமிடம் தான் பார்த்துக்கொள்வது. அந்த அட்டையை ஆசிரியரே கையில் எடுத்து 3 பிள்ளைகளைக் கேட்கட்டும். தன் காதால் கேட்ட 'பஇட்டஇம்'முக்கு இருக்கும் பலம் வேறு. நீங்கள் சோதித்து முடிவை நீட்டினால் அது இன்னொரு ஆய்வு அறிக்கைதான்.

இன்னொன்று, குழு. தமிழக அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' 2022இல் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது பாடம் நடத்த வசதிக்காக. வருடம் முழுக்க ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவைக்க அல்ல. 'கொம்புக் குழு', 'புள்ளிக் குழு' என்று சிக்கலின் பேரில் 2 வாரத்துக்கு ஒரு குழு போடுங்கள். சிக்கல் தீர்ந்ததும் குழுவைக் கலைத்துவிடலாம். மலர் நிலைப் பிள்ளையும் ஊகாரத்துக்காக அதில் வந்து உட்காரும்.

---

பதில் 3: வளமையம்_வடக்கு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பயிற்சியில் கேட்டதும் வகுப்பில் நடப்பதும் ஏன் ஒட்டுவதில்லை என்று கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். கோட்பாடு சொல்லி, செய்து காட்டி, பயிற்சி கொடுத்தாலும் போதாது. வகுப்பறைக்குள் கூட நின்று துணை செய்யும்போதுதான் புது முறை பழக்கமாகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் நம் குறுவள மையக் கூட்டங்களில் முதல் இரண்டும் தாராளமாக நடக்கின்றன, கடைசி ஒன்றுக்குத்தான் ஆளில்லை. உங்கள் வேலை அந்த இடம்.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் 10 நிமிடம்: 4 பிள்ளைகளோடு நீங்கள் நடத்துங்கள், ஆசிரியர் பார்க்கட்டும். 'பாருங்க' என்று பொதுவாக விட்டால் உங்கள் சாமர்த்தியத்தைத்தான் பார்ப்பார். 'அந்தக் கடைசிப் பிள்ளை புள்ளி எழுத்து வரும்போது என்ன செய்யுதுன்னு மட்டும் எழுதி வைங்க டீச்சர்' என்று ஒரே வேலை கொடுங்கள். 10 நிமிடத்தில் நீங்களும் ஒன்றிரண்டு இடத்தில் சொதப்புவீர்கள். அது நல்லதே, மறைக்க வேண்டாம்.

அடுத்த 15 நிமிடம்: அதே செயலை அவர் வேறு 4 பேரோடு செய்வார். நீங்கள் நடுவில் புகுந்து திருத்தக் கூடாது. கை பரபரக்கும், பேனாவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மீதி 15 நிமிடம் பேச்சு. பிள்ளைகள் காதில் விழாத இடத்தில், தலைமையாசிரியர் இல்லாமல், அன்றைக்கே. 'வகுப்பு நல்லா இருந்துச்சு, ஆனா...' என்று தொடங்கினால் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் காது மூடிவிடும். தாளை நடுவில் வைத்து, 'கொக்குன்னு இருக்கிறதை இவன் கெக்குன்னு படிச்சிருக்கான், என்ன நடந்திருக்கும்?' என்று கேளுங்கள். இரண்டு பேரும் தாளைப் பார்க்கிறீர்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதிலேயே பாதிச் சங்கடம் போய்விடும்.

முடிவில் ஒன்றே ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள், எண்ணோடு: '10 சொல்லில் 4 படிக்கும் இந்த நால்வரும் 2 வாரத்தில் 7 படிக்க வேண்டும், அதற்குத் தினமும் புள்ளிச் சொல் 15 நிமிடம்.' புதுப் பயிற்றுநர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. கண்ணில் பட்ட ஏழு குறையையும் சொல்லிவிட்டு வருவார்கள். ஆசிரியர் ஏழுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றையும் செய்யமாட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நோக்கீட்டுச் செயலியை அந்த வருகையில் கையில் எடுக்காதீர்கள். நிரப்பியே ஆக வேண்டுமென்றால் வேறு நாள், அல்லது ஆசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து.

உங்களுக்கும் வளர்ச்சி வேண்டுமே. இரண்டு வழி. ஒன்று, அனுமதி வாங்கி அந்த 15 நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து, நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று எண்ணுங்கள். 8ஐத் தாண்டினால் அது கலந்துரையாடல் இல்லை, சொற்பொழிவு. இரண்டு, ஒரு பிள்ளை 50 சொல் படிப்பதை ஒலிப்பதிவு செய்து இரண்டு பயிற்றுநர்கள் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடுங்கள். 2 சொல்லுக்கு மேல் வேறுபட்டால் எதைத் தவறு என்கிறோம் என்பதில் நமக்குள்ளேயே ஒப்புதல் இல்லை. 'வருது' போன்றவை பெரும்பாலும் இங்கேதான் வெளியே வரும்.

---

பதில் 4: கேட்டல்_முதலில்

ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. வாசிப்பு ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்த கணக்கு: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

சோதிக்க எளிய வழி: 40 சொல் கொண்ட, பாடநூலில் இல்லாத ஒரு பத்தியை ஆசிரியர் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேட்கட்டும். நேரடியாக உள்ளது ஒன்று, 'ஏன்' ஒன்று, 'அடுத்து என்ன நடக்கும்' ஒன்று. மூன்றுக்கும் பதில் வந்தால் மொழியில் குறையில்லை, சிக்கல் எழுத்தில்தான், கரும்பலகையின் வழி போதும். வாசித்துக் காட்டியும் பதில் வரவில்லையென்றால் கொம்பும் காலும் மட்டும் கற்பித்துப் பயனில்லை. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள், திருப்பூரில் இந்தியோ ஒடியாவோ பேசும் தொழிலாளர் பிள்ளைகள் இப்படி இருக்கலாம். இவர்களுக்குத் தினமும் கதை கேட்டலும் பேச்சும் முதலில்.

தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும். நம் எழுத்து ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டாது. பக்கம், பகல், தங்கம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. 'பகல்' என்ற சொல் காதில் ஏற்கெனவே இருந்தால் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. வல்லினம், மெல்லினம் என்று விதி சொல்லி இதைத் தீர்க்க முடியாது, வேண்டவும் வேண்டாம்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவையும் கவனமாகப் பயன்படுத்துங்கள். ஒன்றிய அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான நிபுண் பாரத் 3ஆம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' ஒரே சொல், 16 எழுத்து. 'நீ வா' இரண்டு சொல், 2 எழுத்து. ஒரே பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்க்க, எழுத்து எண்ணிக்கை ஏறக்குறைய சமமான பத்திகளை வைத்து ஒப்பிடுங்கள்.

கூட்டு வாசிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் சொல்ல வகுப்பே திருப்பிச் சொல்லும்போது கண் எங்கேயோ இருக்கும், வாய் மட்டும் சொல்லும். மனப்பாடப் பிள்ளைகள் உருவாகும் பட்டறை அது.

---

புதுப்பயிற்றுநர்:

எல்லாருக்கும் நன்றி. தினமும் கிடைக்கும் 15, 20 நிமிடத்தில் என்ன வரிசையில் போவது? க வரிசை, ங வரிசை என்றா?

---

கரும்பலகை:

வேண்டாம். வரிசையாகப் போனால் ஒரு மெய்க்கு 12 வடிவம் ஒரே நாளில் வந்து விழும். முதலில் ப, ட, ம, ர, த, க, வ, ல என்ற 8 எழுத்தும் புள்ளியும். இதிலேயே படம், மரம், கடல், பகல், வரம், தவம், பட்டம், கல், பல் எல்லாம் கிடைக்கும். பிறகு குறி குறியாக: துணைக்காலை இந்த 8 எழுத்திலும் போட்டு மா, பா, தா, கா. அது உறுதியானதும் இகரம், ஈகாரம். அதன்பின் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம். ஒகர ஓகாரம் கொம்பும் காலும் தெரிந்த பிறகு. உகர ஊகாரம் கடைசி.

20 நிமிடம் என்றால்: 3 நிமிடம் பழைய குறி, 7 நிமிடம் புதுக் குறியில் சொல் சேர்த்தல், 5 நிமிடம் சொல்வதை எழுதுதல் (4 சொல் போதும்), 5 நிமிடம் தெரிந்த குறிகளில் மட்டும் அமைந்த இரண்டு மூன்று வாக்கியம் படித்தல். எழுதுதலை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள், எந்த ஒலியைப் பிள்ளை தவறவிடுகிறது என்று அதில்தான் பளிச்சென்று தெரியும். பத்துக்கு ஒன்பது சொல் சரியாக வராத பத்தி அன்றைக்குக் கனம், எளிதாக்குங்கள்.

---

ஈராசிரியர்_பள்ளி:

பார்வைப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்று எப்படியும் கேட்பார்கள். இரண்டு வரி போதும்: '4 மாணவர், புள்ளிச் சொற்கள், 10க்கு 4. அடுத்த வருகையில் இதே 4 பேரை ஆசிரியரும் நானும் சேர்ந்து கேட்போம்.' எழுதியதை ஆசிரியரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.