கம்யூனிட்டி காலேஜில் இங்கிலீஷ் படித்து யூனிவர்சிட்டிக்கு மாற உண்மையில் எத்தனை வருஷம்?

கேள்வி | பெரம்பூர்_அண்ணன்

தம்பி தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருஷப் பாடங்களைக் குறைந்த ஃபீஸில் நடத்தும் கல்லூரி) சேர்ந்து, பிறகு யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவுக்கு (யூசி) மாறுவதாகத் திட்டம். "ரெண்டே வருஷம்" என்கிறார் கன்சல்டன்ட். ஆனால் முதலில் ஈஎஸ்எல் (இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்களுக்கான இங்கிலீஷ்) வகுப்பில்தான் போடுவார்கள் போலிருக்கிறது. அந்த வகுப்புகள் கணக்கில் சேருமா? விசா இன்டர்வியூவில் இதைக் கேட்பார்களா?

பதில் | யூனிட்_கணக்கு

சகோ, ரெண்டு வருஷமா மூணு வருஷமா என்பதை இங்கிலீஷ்தான் முடிவு செய்யும். யூசிக்கு மாற 60 செமஸ்டர் யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்) வேண்டும் (குவார்ட்டர் முறைக் காலேஜில் 90). அதற்குள் இரண்டு இங்கிலீஷ் காம்போசிஷன் (கட்டுரை எழுதும்) பாடங்கள் கட்டாயம். பழைய 'இங்கிலீஷ் 1ஏ' இப்போது காலேஜ்களில் சி1000 என்ற பொது எண்ணுக்கு மாறுகிறது. அடுத்தது சி1001, தர்க்கமும் எழுத்தும். சி1000 முடிக்காமல் சி1001 எடுக்க முடியாது. இரண்டையும் ஒரே செமஸ்டரில் அடுக்க வழியில்லை.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். ஃபாலில் (இலையுதிர்காலப் பருவம், கல்வியாண்டின் தொடக்கம்) யூசிக்குள் நுழைய, அதற்கு முந்தைய ஸ்பிரிங்கிலேயே (வருஷத்தின் முதல் பாதியில் வரும் செமஸ்டர்) சி1001 முடிந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஃபாலில் சி1000. ஆக, முதல் வருஷம் இரண்டு செமஸ்டர்தான் ஈஎஸ்எல்லுக்கு. தம்பியை சி1000-க்கு இரண்டு படி கீழே உள்ள ஈஎஸ்எல் வகுப்பில் போட்டால் எல்லாம் ஒட்டி ஒட்டி முடியும். மூன்று படி கீழே போட்டாலோ, ஒரு வகுப்பில் தவறினாலோ, ஒரு செமஸ்டர் அல்ல, ஒரு முழு வருஷமே போகும். யூசி பெரும்பாலும் ஃபாலுக்குத்தான் மாணவர்களை எடுக்கிறது. முதல் வருஷ சம்மரில் சி1000 கிடைத்தால் விடாதீர்கள். மூச்சு விட இடம் வரும். மாறுவதற்கு முந்தைய சம்மரை நம்ப வேண்டாம்.

ஈஎஸ்எல்லில் கீழ்நிலை வகுப்புகள் அந்த 60-இல் சேராது. சேரும் உயர்நிலை வகுப்புகளுக்கும் யூசி அதிகபட்சம் 8 செமஸ்டர் யூனிட்தான் தரும். கன்சல்டன்ட்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் டாட் ஓஆர்ஜி தளத்தில் காலேஜ் பெயர் போட்டு நீங்களே பாருங்கள். கணக்குப் பாடம் இங்கிலீஷுக்காகக் காத்திருக்க வேண்டாம், முதல் செமஸ்டரிலேயே தொடங்கலாம்.

பதில் | அண்ணாசாலை_க்யூ

விசா பக்கத்தைச் சொல்கிறேன். எஃப்-1 (மாணவர் விசா) மாணவன் ஒவ்வொரு செமஸ்டரும் 12 யூனிட் எடுக்க வேண்டும். யூசியில் சேராத ஈஎஸ்எல் யூனிட்டும் இந்த 12-க்குச் சேரும். இரண்டு கணக்கையும் குழப்பாதீர்கள். ஆன்லைனில் ஒரு வகுப்பு, அதாவது 3 யூனிட் மட்டுமே இதில் எண்ணப்படும். ஆன்லைனில் இடம் இருக்கிறதே என்று இரண்டு எடுத்தால் சிக்கல்.

வகுப்பு கஷ்டமாக இருந்தால் தானாக டிராப் செய்யவே கூடாது. ஆரம்பத்தில் இங்கிலீஷ் தடுமாற்றம் என்பதற்காகவே ஒரு முறை, ஒரு செமஸ்டருக்கு, 6 யூனிட் வரை குறைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. ஆனால் காலேஜின் டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி) முன்கூட்டியே அனுமதித்திருக்க வேண்டும். முதலில் டிராப், அப்புறம் மெயில் என்றால் எஃப்-1 மாணவர் என்ற ஸ்டேட்டஸே போய்விடும்.

இன்டர்வியூவில் "ஏன் கம்யூனிட்டி காலேஜ்?" என்று கேட்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "ஃபீஸ் குறைவு" என்று மட்டும் சொன்னால் பலவீனம். எந்த மேஜர் (முக்கியப் பாடம்), எந்த வருஷம் மாறுகிறான், மொத்தம் எவ்வளவு செலவு, நாலு வருஷத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தம்பியே இரண்டு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்தது காட்டிக் கொடுத்துவிடும்.

பதில் | கோட்டூர்புரம்_வாசகி

அங்கே போய்ப் படி ஏறுவதைவிட இங்கேயே ஏறுவது மலிவு. போகும் முன் ஆறு மாதம் கிடைத்தால் இலக்கணப் புத்தகத்தைவிட எழுத்தில் செலவிடுங்கள். சி1000-இல் சுமார் 5,000 சொற்கள் எழுத வேண்டியிருக்கும். மனப்பாடக் கட்டுரை அங்கே செல்லாது. ஒரு நிலைப்பாடு எடுத்து, எதிர்க்கருத்தைச் சொல்லி, அதற்குப் பதில் எழுத வேண்டும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் வாரம் இரண்டு கட்டுரை படித்து, ஒவ்வொன்றுக்கும் 250 சொல்லில் சுருக்கம், பிறகு மறுப்பு. யாராவது சிவப்பு மையில் திருத்தித் தர வேண்டும். திருத்தமில்லாத பயிற்சி தவறைத்தான் உறுதியாக்கும்.

தமிழ் மீடியப் பிள்ளைகளின் நிரந்தரத் தவறு இரண்டு. "இரண்டு வருஷமாக இருக்கிறேன்" என்பதை அப்படியே "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று எழுதுவது. நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் "ஹேவ் பீன் லிவிங்" என்பார்கள். கால அளவுக்கு "சின்ஸ்" வராது, "ஃபார்" வரும். இன்னொன்று "தி". தமிழில் அதற்கு நேர் சொல் இல்லாததால் விட்டுப்போகும். முடித்த கட்டுரையில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் முன்னும் விரல் வைத்து "எதைப் பற்றி என்று படிப்பவருக்குத் தெரியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி | பெரம்பூர்_அண்ணன்

நன்றி. சி1000-இல் சி மைனஸ் வந்தால்?

பதில் | யூனிட்_கணக்கு

செல்லாது, முழு சி வேண்டும். ஆனால் சி-யில் நின்றுவிடாதீர்கள். வெளிநாட்டு மாணவருக்கு யூசியின் குறைந்தபட்ச ஜிபிஏவே (4-க்கு எடுக்கும் சராசரி மதிப்பெண்) 2.8, கலிஃபோர்னியாவாசிகளுக்கு 2.4. போட்டி அதிகமுள்ள மேஜர்களுக்கு இது போதவே போதாது.