பிரான்சின் க்ரேஸ் மாவட்டக் கிராமத்தில் வீடு சூடாகவில்லை, அவசரம்

புதுவரவு:
வணக்கம். இலங்கையிலிருந்து கணவரிடம் வந்து எனக்கு இதுதான் முதல் குளிர்காலம். பெனெவான் பக்கம் ஒரு சின்னக் கிராமம், பழைய கருங்கல் வீடு. நேற்றிரவு முதல் வீடு சூடாகவில்லை. பிள்ளை இருமிக்கொண்டே இருக்கிறாள். இவர் கெரே நகரத்தில் ரெஸ்டோரண்ட் வேலை முடிந்து நள்ளிரவில்தான் வருவார். கடை இல்லை, பஸ் இல்லை, வெளியே பார்த்தால் மாடுகள்தான். பிரெஞ்சும் வராது. இங்கே எப்படி இருப்பது?

லாச்சப்பல் அண்ணா:
தங்கச்சி, பேசாமல் பாரிசுக்கு வந்துவிடுங்கள். லா சூத்தெரேனில் ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் பாரிசின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையம். தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் மிளகாய்த்தூள், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும், நாலு தமிழ் முகம் பார்க்கலாம். நாங்கள் வந்த புதிதில் ஓர் அறையில் முறைவைத்துப் படுத்தோம். இரவெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் கட்டிலில் இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அப்படியும் பேச்சுத்துணை இருந்தது. பிள்ளையோடு அந்தக் காட்டில் இருக்க வேண்டாம்.

காரைக்கால் மகள்:
அண்ணா, அது காடு இல்லை. நான் இதே மாவட்டத்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஊர் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று தெரிந்தால் தங்கச்சிக்குப் பயம் குறையும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மாவட்டத்தில் 2,80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று 1,15,000 அளவில்தான். கருங்கல் மேட்டுநிலம், புளிப்பு மண், கோதுமைக்குத் தோதில்லை. ஆண்கள் மார்ச்சில் நடந்தே பாரிஸ் போய்க் கொத்தனார் வேலை பார்த்துவிட்டு நவம்பரில் திரும்புவார்கள். நிலத்தையும் மாட்டையும் பெண்கள் பார்த்தார்கள். 1815இல் இங்கே பிறந்த மார்த்தென் நதோ அப்படிப் போன கொத்தனார்தான், பின்னால் நாடாளுமன்ற உறுப்பினரானார். ரயில் வந்ததும் பலர் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்புறம் 1914-18 போர். ஜான்தியூ ஊர் நினைவுச்சின்னத்தில் "போர் நாசமாகட்டும்" என்றே பொறித்திருக்கிறது, எதிரே கைமுட்டியை உயர்த்தியபடி ஓர் அநாதைச் சிறுவன். இழப்பு என்றால் என்னவென்று இந்த மக்களுக்குத் தெரியும், தங்கச்சி. நீங்கள் முதலில் "போன்ஜூர்" சொல்லுங்கள், கதவு திறக்கும். இப்போது ஊரின் பிழைப்பு அந்தச் செம்பழுப்பு லிமுசென் மாடுகள்தான். கன்றுகளில் நிறைய இத்தாலிக்குப் போகின்றன.

நோர்மந்தி தம்பி:
அக்கா, வரலாறு சரி, பப்பியே வேலைக்கு, அதாவது அரசுத் தாள் வேலைக்கு, யார் உதவுவார்? டாக்டர் புது ஆளை எடுப்பதில்லை. பிறிபெக்தூரில் (மாவட்ட அரசு அலுவலகம்) ரந்தேவு, அதாவது சந்திப்பு நேரம், கிடைப்பதற்குள் கார்த் (வதிவிட அட்டை) முடிந்துவிடுகிறது. விடியற்காலையில் தேவாலய மணி, சேவல், சாண நாற்றம். கேட்டால் கிராமத்துச் சத்தமும் மணமும் பாரம்பரியம் என்று 2021இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சகோதரி, வீட்டில் பழைய அடுப்புக்குழி இருக்குமே, விறகைப் போட்டு மூட்டுங்கள்.

லாச்சப்பல் அண்ணா:
பிறிபெக்தூரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும் தம்பி.

புதுவரவு:
வாடகை வீடு. வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை. பின்பக்கம் பெரிய தாங்க் (தொட்டி) ஒன்று இருக்கிறது, அதன் அளவு காட்டும் முள் அடியில் நிற்கிறது.

லிமோஜ் மாமா:
மகள், விறகு மூட்டவே வேண்டாம்! புகைபோக்கி சுத்தம் செய்த தாள் கையில் இல்லாமல் பழைய அடுப்பைத் தொடாதீர்கள். அடைப்பிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கும், அதற்கு மணமே கிடையாது. கரிச்சட்டியும் ஆகாது. இன்றிரவு எல்லோரும் ஒரே அறையில் படுங்கள், பக்கத்து வீட்டில் மின் ஹீட்டர் கேளுங்கள். பிள்ளை மூச்சுவிடச் சிரமப்பட்டால் அவசர மருத்துவ உதவிக்கு 15க்கு போன் அடியுங்கள், யோசிக்க வேண்டாம்.

முள் அடியில் என்றால் மசூத் (வீடு சூடாக்கும் எண்ணெய்) தீர்ந்திருக்கிறது. பல கடைகளில் 500 லீட்டருக்குக் குறையத் தரமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து எடுக்க முடியுமா பாருங்கள். எண்ணெய் ஊற்றியும் பற்றவில்லை என்றால் ஆள் வந்து எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட வேண்டும். பாய்லரே பழுது என்றால் வீட்டுக்காரர் பொறுப்பு. பதிவுத்தபாலில் கடிதம் போடுங்கள், போனை நம்ப வேண்டாம்.

நாளை மெரிக்கு (ஊராட்சி அலுவலகம்) போங்கள். சின்ன ஊர்களில் வாரத்தில் சில அரைநாள்தான் திறந்திருக்கும், நேரம் கதவில் ஒட்டியிருக்கும். அங்கே இருக்கும் செயலாளருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். மசூத் கொண்டுவருபவரையும் அவரிடமே கேளுங்கள். பள்ளிப் பதிவும் அங்கேதான். 2019 முதல் மூன்று வயதிலிருந்தே படிப்பு கட்டாயம். வகுப்புகளை அயலூர்களோடு பிரித்து வைத்திருப்பார்கள், அதனால் பள்ளி பஸ்ஸைப் பற்றியும் விசாரியுங்கள். பப்பியே வேலைக்கு 'பிரான்ஸ் செர்வீஸ்' என்ற அரசு உதவி அலுவலகம் அருகில் எங்கே என்று கேளுங்கள். கார்த் வித்தால் (மருத்துவக் காப்பீட்டு அட்டை) விண்ணப்பம் முதல் எல்லாவற்றுக்கும் கூட உட்கார்ந்து உதவுவார்கள், காசு இல்லை. நீண்டகால விசா என்றால் வந்து மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் சைரன் ஊதும். வெறும் சோதனைதான், பயப்படாதீர்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக்காலம், பிள்ளையோடு மரங்களுக்குள் நடக்க வேண்டாம்.

எந்த விசாவில் வந்தீர்கள், எப்போது வந்தீர்கள், பிள்ளைக்கு எத்தனை வயது, நீங்கள் 1988க்கு முன் பிறந்தவரா என்று எழுதுங்கள். முன் பிறந்தவரானால் லைசென்ஸ் இல்லாமலே 45 கிலோமீட்டர் வேகச் சின்னக் கார் ஓட்டலாம், பஸ் இல்லாத கவலை பாதி தீரும்.