தெருவில் நிற்பவருக்கு நம் ஆலயம் என்ன சொல்கிறது?

கேள்வி: கட்டடக் குழுச் செயலாளர், ரங்கூன்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். ரங்கூனில் உள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபையின் கட்டடக் குழுவில் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஆலயம் போருக்குப் பின் கட்டப்பட்டது. செங்கல் சுவர், தகரக் கூரை, முகப்பில் ஒரு சிறிய சிலுவை என்று எளிமையான கட்டடம். ஆனால் தெருவில் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஆலயம் அல்ல, மதில்தான். எட்டடி உயர மதில், அதன் மேல் கண்ணாடிச் சில்லுகள், நடுவே முழுவதும் தகடு அடித்த இரும்புக் கதவு. ஞாயிறு காலை ஆராதனைக்குத் திறக்கும் அந்தக் கதவு, ஆராதனை முடிந்ததும் பூட்டப்பட்டுவிடும். பெயர்ப்பலகை தமிழில் மட்டுமே இருக்கிறது.

1964-இல் பெற்றோருடன் கப்பலேறிச் சென்னைக்குப் போன ஒரு குடும்பத்தினர், உயரமான கோபுரமும் அதன் உச்சியில் இரவெல்லாம் ஒளிரும் சிலுவையும் எழுப்பப் பணம் தர முன்வந்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு மதிலைத் தாழ்த்தி முன்வாசலைச் சீரமைக்க வேண்டும் என்று வாலிபர் சங்கத்தார் கேட்கிறார்கள். குழுவில் பாதிப்பேர் ஒரு பக்கமும் பாதிப்பேர் மறுபக்கமும் நிற்கிறோம்.

நான் இதை இங்கே எழுதக் காரணம் ஒரு அடக்க ஆராதனை. எங்கள் சபை மூப்பர் ஒருவர் மூன்று மாதங்களுக்கு முன் காலமானார். எதிர்வீட்டுப் பர்மிய மூதாட்டிக்கும் அவருக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். ஒரு வீட்டில் கறி வைத்தால் மறுவீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். அன்று அந்த அம்மா கையில் பூவை வைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவுக்கு வெளியே, வெயிலில், ஆராதனை முடியும்வரை நின்றிருந்தார். பிறகு நான் போய்க் கேட்டபோது, "நாங்கள் உள்ளே வரலாமா என்று தெரியவில்லை" என்றார். முப்பது ஆண்டுகளாக எங்கள் கட்டடம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த செய்தி அதுதான் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அக்கம்பக்கத்தாருக்காகவும் நாம் இங்கே வைக்கப்பட்டிருக்கிறோம் என்பதை ஆலயத்தின் வெளித்தோற்றம் எப்படிச் சொல்ல முடியும்? அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், மோல்மேன்

ஐயா, இந்த நாட்டில் இதே கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எதிர்கொண்டார். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனுக்கு வந்தார். பர்மிய மொழியைக் கற்றார், மொழிபெயர்த்தார், அச்சிட்டார். ஆனால் ஆறு ஆண்டுகள்வரை அவர் மூலமாக ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1819 ஏப்ரலில் அவர் ஒரு கட்டடம் கட்டினார். அமெரிக்காவில் அவர் பார்த்து வளர்ந்த ஆலய வடிவத்தை அதற்கு எடுக்கவில்லை. கோபுரமும் மணியும் வைக்கவில்லை. பகோடாவுக்குப் போகும் பாதையில், இந்த ஊரார் வழிப்போக்கர்களுக்காகக் கட்டிவைக்கும் சாவடியான 'ஸயாட்'டின் வடிவிலேயே கட்டினார்.

அதன் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். இருபத்தேழு அடி நீளம், பதினெட்டு அடி அகலம், தரையிலிருந்து நான்கடி உயர்த்திய தளம். முன்பகுதி மூங்கிலாலும் கீற்றாலும் ஆனது. கதவோ சன்னலோ தடுப்போ இல்லாமல் தெருவை நோக்கி முழுவதும் திறந்திருந்தது. ஜட்சன் பகல் முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஆராதனைக்கான நடு அறை பலகையால் ஆனது, சுண்ணாம்பு பூசியது. அந்த வெள்ளைப்பூச்சு, சுற்றிலும் இருந்த மற்றச் சாவடிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதற்காகவே பூசப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் மௌங் நௌ என்ற பர்மியர் முதலாவதாக ஞானஸ்நானம் பெற்றார். சாவடி கட்டியதால்தான் அது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊராருக்குப் பழகிய வடிவில் வந்து உட்கார இடம் கொடுத்ததும், அதே வேளையில் இது வேறொரு வீடு என்பதை மறைக்காமல் வெள்ளை பூசியதும் ஒரே மனிதர் செய்த வேலைகள். உங்கள் குழு இவ்விரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்மியர்கள் நம் ஆலயத்தை 'பயா ஷீகோ சௌங்' என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் பௌத்த மடத்துக்கும் அவர்கள் வழங்குவது அதே 'சௌங்' என்ற சொல்தான். மடத்துக்குள் யாரும் போய் நிழலில் உட்காரலாம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகலாம். அப்படிப்பட்ட சொல்லை அவர்கள் நமக்குத் தந்திருக்கும்போது, நாமோ அதைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லு பதித்த மதிலை எழுப்பியிருக்கிறோம்.

பதில்: கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவர், ரங்கூன்

எங்கள் பங்கில் நான் கண்டதை எழுதுகிறேன், அண்ணன். எங்கள் கோயிலின் கதவைவிட அதிகம் பேர் நெருங்கி வருவது, மாதா சிலை வைத்த குகையான கெபிக்குத்தான். கெபி வளாகத்துக்குள்ளேதான் இருக்கிறது என்றாலும் அதன் முகம் தெருவைப் பார்க்கிறது. நடுவில் ஒரு கம்பி அழிதான் தடுப்பு. செவ்வாய்க்கிழமை மாலையில் அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறவர்களில் எங்கள் பங்கு மக்கள் பாதிகூட இருக்கமாட்டார்கள். முகத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய பர்மியப் பெண்கள், சீனக் கடைக்காரர்கள், மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் நின்று கும்பிட்டுப் போகும் நம் தமிழ்ப் பெண்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். ஒரு பரீட்சைக் காலத்தில், பள்ளிக்கூடப் பச்சை லுங்கி கட்டிய ஒரு பையன் தன் எழுதுகோலை அந்த அழியின்மேல் வைத்து, கண்ணை மூடி நின்றுவிட்டு எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவன் யார், எந்த மதத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உங்கள் சபையில் கெபி வைக்கமாட்டீர்கள் என்பது தெரியும். அதை நான் கேட்கவும் இல்லை. உள்ளே வரத் தயங்குகிறவர் யாருடைய அனுமதியும் கேட்காமல் வந்து நிற்கும்படி, கதவுக்கு முன்பே ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்த மூதாட்டி வெயிலில் நின்றார் என்று படித்தபோது எனக்கு மனம் கலங்கிவிட்டது. அவர் நின்ற இடத்தில் ஒரு கூரையும் ஒரு பலகையும் இருந்திருந்தால், வெளியே நின்றாலும் விருந்தாளியாக நின்றிருப்பார்.

பதில்: பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தவர், வியாசர்பாடி, சென்னை

கோபுரத்துக்குப் பணம் தருகிறவர்களை வீண் ஆடம்பரக்காரர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பையும் கட்டியிருந்த துணியுமாகப் புறப்பட்ட குடும்பங்கள் நாங்கள். திரும்பி வந்து பார்க்கும் நாளில் தூரத்திலேயே அடையாளம் தெரிய ஏதாவது ஒன்று அங்கே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஏக்கம் எங்கள் பெற்றோருக்கு இருந்தது. கோபுரமும் அக்கம்பக்கத்தாரோடு பேசக்கூடியதுதான். பாளையங்கோட்டையில் 1826-இல் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தை இன்றைக்கும் எல்லா மதத்தாரும் 'ஊசிக்கோபுரம்' என்றே சொல்கிறார்கள்; வழி கேட்டால் அதை வைத்தே சொல்வார்கள். ஊர் தானாக ஒரு பெயர் வைத்தது என்றால், அந்தக் கட்டடத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது என்றுதானே பொருள்?

பெயர்ப்பலகையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். பர்மிய எழுத்தில் எழுதுங்கள், பெரிதாகவே எழுதுங்கள். ஆனால் தமிழை எடுத்துவிடாதீர்கள். அறுபதுகளில் தமிழ்ப் பள்ளிகள் போன பிறகு, அந்தத் தெருவில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தை அன்றாடம் பார்க்கிற இடங்கள் எத்தனை இருக்கின்றன?

பதில்: கட்டடப் பொறியாளர், ரங்கூன்

உணர்வை மதித்தே எழுதுகிறேன். கோபுரத்தைத் தீர்மானிக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது நிலம். 2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாயிங் பக்கத்தில் ஏற்பட்ட 7.7 அளவு நிலநடுக்கத்தில் பகோடா, பள்ளிவாசல், ஆலயம் என்ற வேறுபாடில்லாமல் கட்டடங்கள் விழுந்தன. அதற்குக் காரணமான சகாயிங் நிலப்பிளவு தெற்கே பெகு வழியாகவும் ஓடுகிறது. ரங்கூன் அதற்குத் தொலைவில் இல்லை. கம்பியில்லாத பழைய செங்கல் சுவரின்மேல் புதிதாகக் கோபுரத்தை ஏற்றினால், அது குலுங்கும்போது விழப்போவது தெருவில்தான். நம் கோபுரத்தின் அடியில் நடப்பவர்கள் நம் அயலார்தான் என்பதால், இது வெறும் பொறியியல் கணக்கு மட்டும் அல்ல.

இரண்டாவது வெளிச்சம். மின்வெட்டில் தெரு முழுவதும் இருண்டிருக்கும்போது, ஜெனரேட்டர் இரைச்சலோடு நம் சிலுவை மட்டும் உச்சியில் எரிந்தால், எதிர்வீட்டில் விசிறியில்லாமல் குழந்தையை மடியில் போட்டு உறங்கவைக்கும் தாய் அதை எப்படிப் பார்ப்பார்? அதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு, வாசல் தூணில் சூரியத் தகட்டோடும் பேட்டரியோடும் இரண்டு விளக்குகள் வைக்கலாம். எங்கள் பேட்டையில் ஒரு கடைக்காரர் இப்படி வைத்திருக்கிறார். மாலை ஏழு மணிக்கு மேல் அந்தத் திண்ணையில் பாடப் புத்தகங்களோடு நான்கைந்து பிள்ளைகளாவது உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது மழை. மே மாதம் தொடங்கி அக்டோபர்வரை இங்கே கொட்டும் மழையில், பராமரிப்பு இல்லாத சுவர் இரண்டே ஆண்டில் பச்சை பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த சுவரும் துருப்பிடித்த கதவும் 'இங்கே யாரும் இல்லை' என்றுதான் சொல்கின்றன. பழைய செங்கல்லுக்குச் சுண்ணாம்பே ஏற்றது. அது சுவரின் ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு தட்டுத்தட்டாகப் பெயர்ந்து வரும். ஆண்டுதோறும் மழைக்குப் பின் சபையார் ஒன்றுகூடிச் சுண்ணாம்பு அடித்தால், ஆட்கள் ஏணியில் ஏறி நிற்பதையும் தெரு பார்க்கும். எதிர்வீட்டுப் பிள்ளைகள் தூரிகையைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்பது என் அனுபவம்.

மதிலை முழுவதும் இடிக்க வேண்டாம். காலம் இப்படி இருக்கும்போது பெண்களும் முதியவர்களும் கூடும் இடத்துக்குக் காவல் வேண்டும்; நம் சமூகத்தின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மூன்றடிக்கு மேல் உள்ள சுவரை எடுத்துவிட்டுக் கம்பி அழி வைத்தால் பாதுகாப்பும் இருக்கும், உள்ளே நடப்பதும் தெரியும்.

பதில்: இறையியல் மாணவர், இன்செயின்

இந்த விவாதத்தில் வேறொரு யோசனையும் எழக்கூடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். பர்மிய மக்களுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று, 'பியாத்தாட்' என்னும் அடுக்குக் கூரையை ஆலயத்தின்மேல் வைக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் கட்டிய பேராலயம் இதற்குச் சான்றாகக் காட்டப்படும். 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த ஆலயத்தில் கோயில் மண்டபச் சாயலும் இஸ்லாமியக் குவிமாடமும் கிறிஸ்தவ வழிபாட்டு அமைப்பும் ஒன்றாகக் கூடி நிற்கின்றன. 1921-இல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமமும் தன் ஜெபாலயத்தைத் திராவிடக் கோயில் வடிவிலேயே கட்டிக்கொண்டது. இரண்டும் நான் மதிக்கும் முயற்சிகள். ஆனால் அங்கே கட்டியவர்கள் தங்கள் சொந்த மண்ணின் வடிவத்தைத் தங்கள் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பியாத்தாட்டோ அரண்மனைக்கும் மடத்துக்கும் உரியதாக மன்னர் காலத்திலிருந்து மதிக்கப்படுவது. தமிழ்ச் சபையாகிய நாம் அதை எடுத்துச் சூடிக்கொண்டால், அன்பு என்று கொள்வதைவிட வேடம் என்று கொள்ளவே இடமுண்டு. ஜட்சன் எடுத்தது சாவடியின் வடிவம் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன். அது யாருடைய பெருமைக்கும் உரியதல்ல, களைத்து வருகிறவருக்கு உரியது.

சுலே பகோடாவின் அருகே போய் நின்று பாருங்கள். ஒரு பக்கம் பள்ளிவாசல், மகா பந்துலா பூங்காவை ஒட்டி இம்மானுவேல் பாப்டிஸ்ட் ஆலயம். போரில் அழிந்து 1952-இல் மறுபடி கட்டப்பட்ட அந்த ஆலயம் பகோடாவைப் போலத் தோன்ற முயலவில்லை. தன் உருவத்தோடு, தெருவை விட்டு விலகாமல் நிற்கிறது.

பதில்: கட்டடக் குழுச் செயலாளர், ரங்கூன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்சிட்டுச் சென்ற ஞாயிறு குழுவில் வாசித்தேன். கோபுரத்தைப் பற்றிய முடிவைப் பொறியாளரின் ஆய்வு வரும்வரை தள்ளிவைத்திருக்கிறோம். சென்னைக் குடும்பத்தாரோடு போனில் பேசினேன். வியாசர்பாடி அன்பர் எழுதியதை வாசித்துக் காட்டியபோது மூத்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "என் தகப்பனார் அந்த வாசலில்தான் எங்களைக் காத்துக்கொண்டு நிற்பார், வாசலைக் கட்டுங்கள்" என்றார்.

ஆகவே முதலில் மதிலை மூன்றடிக்குக் குறைத்துக் கம்பி அழி வைக்கிறோம். கதவின் வலப்புறம், தெருவைப் பார்த்தபடி, ஓடு வேய்ந்த ஒரு திண்ணை. பெயர்ப்பலகையில் பர்மிய எழுத்து மேலே, தமிழ் அதே அளவில் கீழே. அதன் அடியில் 'யாவரும் வரலாம்' என்ற வரி இரு மொழியிலும் இருக்கும்.

திண்ணைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானை வைக்க வேண்டும் என்பது பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் விருப்பம். இந்த ஊரார் 'யே ஓ சின்' என்று தெருவோரத்தில் வைப்பதும் நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலும் ஒன்றுதானே. இரண்டு மண்பானை, மரத்தட்டு மூடி, சங்கிலியில் கட்டிய அலுமினியக் குவளை. இதற்காக எதிர்வீட்டு மூதாட்டியிடம் யோசனை கேட்கப் போனேன். புதுப்பானையை மூன்று நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, மண்வாசனை போன பிறகே குடிக்க வைக்க வேண்டும் என்றார். பானைக்கு அடியில் மணல் பரப்பச் சொன்னார். புதன், சனிக்கிழமைகளில் தானே வந்து பானையைக் கழுவித் தண்ணீர் நிரப்புவதாகவும், அதற்குக் கதவு எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்றும் கேட்டார். காலை ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது அந்த நேரத்துக்குத் திறக்க ஆள் முறை வகுத்துக்கொண்டிருக்கிறோம்.