மறு: ‘ஏர் லாக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: காற்றடைப்பா, காற்றுக்கட்டா?

அன்புடையீர், வணக்கம்.

டீசல் வண்டியில் ‘ஏர் லாக்’ என்று வழங்குவதற்குக் ‘காற்றடைப்பு’ என்னும் சொல்லை முன்மொழிந்த நண்பரின் மடலைப் படித்தேன். சொல் எளியதுதான், ஆனால் மூக்கடைப்பு என்றால் மூக்கும், மாரடைப்பு என்றால் மார்பும் அடைபட்டிருப்பதுபோல, காற்றடைப்பு என்பது காற்று வரும் வழி அடைபட்டு எஞ்சின் கரும்புகை கக்கும் கோளாற்றையே நினைவூட்டும். நாம் பேசுவதோ டீசல் மட்டும் ஓடவேண்டிய குழாயில் காற்று புகுந்து தங்கிவிடுவதைப் பற்றி. பழைய எஞ்சின்களில் டீசலைப் பீச்சும் முனையான நாசில் திறப்பதற்கு ஏறத்தாழ 200 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு) அழுத்தம் வேண்டும். இடையில் காற்று நின்றுவிட்டால், டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சர் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே அதன் வீச்சு தீர்ந்துவிடுகிறது; நாசில் திறப்பதில்லை. பால்கட்டு, சளிக்கட்டு என்று ஏற்கெனவே சொல்கிறோம் அல்லவா? அந்த வழியில் ‘காற்றுக்கட்டு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பட்டறையில் ‘ஏர் எடுக்குது’ என்றால் காற்றை உள்ளே இழுக்கிறது என்று பொருள். ‘ஏர் எடுக்கணும்’ என்றால் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று பொருள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே வினை. (உழவர் கையேட்டில் ‘ஏர் பிடித்திருக்கிறது’ என்று அச்சிட்டால் படிப்பவர் கலப்பையைத்தான் நினைப்பார்.)

எங்கள் தோட்டத்துப் பழைய லோடு வண்டி காலையில் கிளம்பிய ஒரு நிமிடத்திலேயே நின்றுபோய்க்கொண்டிருந்தது. மெக்கானிக், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை ஒரு முழ நீளத்துக்கு மாட்டிக் கைப்பம்பை அடித்தபோது, மணிமணியாகக் குமிழிகள் ஓடின. டேங்குக்குப் பதிலாக ஒரு கேனிலிருந்து புதிய ஹோஸ் வழியாக டீசலை இழுக்கவிட்டதும் குமிழிகள் நின்றன. பழைய ஹோஸைக் கழற்றிப் பார்த்தால், கிளிப்புக்கு அடியில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதன் வழியே ஒரு சொட்டு டீசலும் வெளியே வந்ததில்லை. பம்பு உறிஞ்சும் அந்தப் பகுதியில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு என்பதால் காற்றுதான் உள்ளே போயிருக்கிறது. ஆகவே காற்று இப்படி உள்ளே புகுவதைக் ‘காற்றுக்கசிவு’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கசிவு என்றதும் படிப்பவர் ஈரத்தைத் தேடுவார். அங்கே ஈரமே இருக்காது. கிணற்று பம்புசெட்டில் நீரை உறிஞ்சும் ஃபுட்வால்வுக் குழாய் பழுதானால் ‘காத்து இழுக்குது’ என்று எல்லா உழவரும் சொல்கிறார்கள். அதையே ‘காற்றிழுப்பு’ என்று கொள்ளலாம்.

காற்றை வெளியேற்றும் வேலைக்கு ‘வடித்தல்’ என்றும் ஒரு பரிந்துரை வந்திருந்தது. ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தேங்கிய நீரைத் திறந்துவிடுவதற்கே அச்சொல் தேவைப்படுவதால், இங்கே அதைச் செலவழிக்க வேண்டாம். ஃபில்டரின் தலைப்பகுதியில் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்கும் அந்த வேலையைக் ‘காற்றகற்றல்’ எனலாம்.

அந்தத் திருகுக்குக் ‘காற்றகற்றுத் திருகாணி’ என்பது இலக்கணத்துக்குச் சரி. ஆனால் கையில் ஸ்பேனரோடு குனிந்து நிற்பவர் அதைச் சொல்லி முடிப்பாரா என்பது ஐயம். ‘காற்றுத் திருகு’ போதும் என்பது என் எண்ணம். பட்டறையில் பழகிய உறுப்பினர்கள் இதைப் பற்றி எழுதினால் நன்று.